குனியப் பழகிய டிரைவர்

பஸ் டிப்போவில் அவளை எல்லோரும் 'ஹாரன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகப் பஸ் ஓட்டியும் அவள் ஹாரன் அடித்ததை யாரும் கேட்டதில்லை. அந்தக் கிண்டலில் ஒட்டிக்கொண்ட பெயர்.

ஒரு நாள் காலையில், பஸ்ஸுக்குள் வழியை அடைத்துக் கிடந்த பெட்டியை நகர்த்தக் குனிந்தாள். இடுப்பில் சுளீரென்று பிடித்தது. இரண்டு பயணிகள் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் வலி குறைந்தது. மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. அதன்பிறகு போகவே இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். "டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு. தேய்மானமும் இருக்கு. பாத்து நடந்துக்கோங்க" என்றார் டாக்டர். அந்தப் 'பாத்து' அவள் மனசில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. இடுப்புக்குப் பெல்ட் வந்தது. ஷூ லேஸைக் கணவர் கட்டிவிட்டார். சலூன் வைத்திருக்கும் அவர், "ஊருக்கே தலையைப் பாக்குறேன், உனக்குக் காலைப் பாக்கக் கூடாதா?" என்று சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. அவளுடைய அக்காவோ வாரம் தவறாமல் வந்து, "இனிமே ஆயுசுக்கும் குனியாதடி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

டிப்போவில் அவளைத் தொலைந்துபோன சாமான்கள் வைக்கும் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்க யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல். எட்டு மாசம் இப்படியே போனது. எவ்வளவு பத்திரமாக இருந்தாளோ அவ்வளவுக்கு வலியும் கூடியது. கடைசியில், துண்டை எடுக்கக் கை நீட்டினாலே இடுப்பு விறைத்தது.

அந்த நிலையில்தான் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனாள். ஒடிசலான உடம்பு, கணீர்க் குரல் கொண்ட பெண். முட்டியைத் தட்டிப் பார்த்தாள், கால் பலத்தைச் சோதித்தாள், மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு ஸ்கேனை ஓரமாக வைத்தாள்.

"பயப்படுற மாதிரி எதுவும் இல்லைங்க. உங்க வயசுல வலியே இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்தாலும் நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும். அன்னிக்குப் பிடிச்சது எப்பவோ ஆறியிருக்கும்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அப்போ நான் நடிக்கிறேனா?"

"இல்லவே இல்லை. வலி நிஜம். ஆனா வலிங்கிறது உடம்பு கொடுக்குற எச்சரிக்கை. ரொம்ப நாள் கத்திக் கத்திப் பழகிட்டா, சின்ன அசைவுக்குக்கூடக் கத்த ஆரம்பிச்சிடும். பயமும் தூக்கமில்லாததும் சேர்ந்தா இன்னும் சத்தமாக் கத்தும்."

ஹாரன் அக்கா மெல்லச் சொன்னாள்: "எங்க பஸ்லயும் இப்படி ஆகியிருக்கு. பிரேக்குக்குக் காத்து குறைஞ்சா ஒரு பஸர் அடிக்கும். ஒரு தடவை காத்து சரியா இருந்தும் அடிச்சுது. மெக்கானிக் எல்லாத்தையும் பாத்துட்டு, பிரேக்குல கோளாறு இல்லை, பஸருக்குத்தான் ரோஷம் அதிகமாயிடுச்சுன்னார்."

பிசியோ வாய்விட்டுச் சிரித்தாள். "இதைவிட நல்லா எனக்குச் சொல்ல வராதுங்க. ஆனா இந்த பஸரைக் கழட்டி மாத்த முடியாது. குனிஞ்சா ஒண்ணும் ஆகலைன்னு அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் காட்டித்தான் அடக்கணும்."

நாற்காலி மேல் வைத்த செருப்பைக் குனிந்து எடுப்பதுதான் முதல் பாடம். பத்து தடவை. வியர்த்துக் கொட்டியது, ஆனால் எதுவும் முறியவில்லை. அடுத்த வாரம் ஸ்டூல், அதற்கடுத்த வாரம் தரை. தினமும் நடை. பெல்ட்டை அலமாரியில் போட்டாள். லேஸைத் தானே கட்டிக்கொண்ட அன்று, "என் வேலை போச்சே!" என்று கணவர் அங்கலாய்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆறாவது வாரம் உற்சாகம் தலைக்கேறி, ஒரே நாளில் வீட்டு ஜன்னல் அத்தனையையும் தேய்த்துக் கழுவினாள். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா ஓடி வந்து, "நான் அப்பவே சொல்லல?" என்றாள். ஹாரன் அக்கா கண்ணீர் முட்டியபடி பிசியோவுக்குப் போன் செய்தாள்.

"ஒரு படி சறுக்கினதுக்கு மாடியை விட்டே இறங்கிடாதீங்க. இன்னிக்குப் பாதி தூரம் நடங்க, அது போதும்."

பாதி தூரம் நடந்தாள். நாலே நாளில் பழைய நிலைக்கு வந்தாள். விழாமலே இருப்பதைவிட, விழுந்தும் எழுந்துவிட்டோம் என்பதுதான் அவளுக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

பிறகு டிப்போ மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "வண்டியில உக்காந்து பழகிக்கிறேன் சார்" என்று அனுமதி வாங்கி, நின்றிருந்த பஸ்ஸில் முதலில் பத்து நிமிஷம், பிறகு அரை மணி என்று உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பழகினாள். இரண்டு மாசம் கழித்து ஓட்டுநர் சோதனையிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறினாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மூன்றாவது நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் காத்திருந்தார். கதவருகே மடித்திருக்கும் சாய்தளப் பலகையைக் கையால்தான் விரிக்க வேண்டும். அவள் இறங்கினாள். மூச்சைப் பிடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. குனிந்து, இழுத்து, விரித்தாள். இடுப்பு லேசாக முணுமுணுத்தது. அவள் பாட்டுக்கு நிமிர்ந்தாள்.

"நன்றிம்மா. ரொம்பக் கனமோ?" என்றார் பெரியவர்.

"இல்லைங்க ஐயா, ஏறுங்க."

அன்று அவர் இறங்கும்போது ஒரு தடவை, வேறு இரண்டு பேருக்கு ஏறவும் இறங்கவும் என்று மொத்தம் ஆறு முறை குனிந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவர் வாசலிலேயே கேட்டார்: "வலிச்சுதா?"

"கொஞ்சம் வலிச்சுது. அதைவிட இப்போ பசிதாங்க அதிகமா இருக்கு" என்றபடி சமையலறைக்குள் நுழைந்து, கீழ்த்தட்டிலிருந்த பெரிய பாத்திரத்தைக் குனிந்து எடுத்தாள்.