அறுந்த இடங்கள் நாற்பத்தொன்று

அந்த வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் மைக்காரர். மெஷின் பழுது பார்ப்பது பிழைப்பு, ஒலிப்பதிவு பைத்தியம். யார் எங்கே பாடினாலும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், மைக்கையும் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். "அத்தானுக்கு எறும்பு நடக்குறதுகூடக் கேட்கும், அக்கா கூப்பிட்டா மட்டும் கேட்காது" என்று மைத்துனன் கிண்டலடிப்பான். மைக்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் மனைவி நன்றாகப் பாடுவாள். ஆனால் மேடை ஏறியது ஒரே ஒருமுறை, நூலகத்து மாடி அறையில், அறுபது நாற்காலிக்கு முன்னால். பக்கவாத்தியம் கிடையாது, தனிக்குரல். பதிவு செய்தது இவர்தான். ஊரார் கச்சேரிக்கெல்லாம் புது வயர் கொண்டுபோகிற மனிதர், நம் வீட்டுக் கச்சேரிதானே என்று பழைய வயரைச் செருகினார். அது அன்றைக்கென்று காலை வாரிவிட்டது. சத்தம் நடுநடுவே அறுந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரெக்கார்டர் விளக்கையே பார்த்தபடி, குரல் நின்றபோதெல்லாம் குனிந்து வயரை அசைத்துக்கொண்டிருந்தார்.

ஏழு மாதம் கழித்து அவள் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. "முன்னாடி பாடும்போது குரல் எங்கேயாவது நின்னிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், "இல்லவே இல்லை டாக்டர், நானே கூட இருந்து ரெக்கார்ட் பண்ணியிருக்கேன்" என்று இவர் முந்திக்கொண்டார். அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தாள். ஆனால் கட்டி குரல் நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்ததால் நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் முடிந்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது அவளுக்கு வருவது காற்று கலந்த கிசுகிசுப்புதான்.

"நான் எப்படிப் பாடினேன்னு ஒரு தடவை முழுசா கேக்கணுங்க" என்றாள். அவள் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு பதிவில் மட்டும்தான்.

மைக்காரர் மூன்று வாரம் கணினியே கதியென்று கிடந்தார். முதல் வேலையாக, அந்த அறையில் ஓடிய மின்விசிறியின் இரைச்சலை மொத்தமாகத் துடைத்தெடுத்தார். பிறகு அறுந்த இடங்களைத் தேடினார். நாற்பத்தொன்று. அதே வரியை அவள் திரும்பப் பாடிய இடத்திலிருந்து துண்டு வெட்டி, ஒட்டு தெரியாமல் ஒட்டினார். கர்வமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாவது பாட்டில் கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க. இந்த இடத்துல நான் பாடவே இல்லையே."

"அது வயர் போன இடம்மா. அடைச்சிருக்கேன்."

"வயர் இல்லைங்க. எனக்குத் தொண்டை அடைச்சுது. எச்சில் முழுங்கிட்டுத்தான் அடுத்த வரி எடுத்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். எதிர்லதானே இருந்தீங்க? நீங்க ஒண்ணும் கேக்கலை. சரி, பெருசா ஒண்ணுமில்லை போலன்னு விட்டுட்டேன்."

 கைவைக்காத மூலப் பதிவைத் திறந்தார். வயர் அறுந்தால் குரலோடு மின்விசிறிச் சத்தமும் போகும். பாடுகிறவள் நின்றால் மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம் இது. இரைச்சலை முதலில் துடைத்த புத்திசாலித்தனத்தில் இரண்டும் ஒன்றுபோலாகிவிட்டன. அன்று அந்த அறையிலோ, பாழாய்ப்போன வயர்மேலேயே புத்தி இருந்தது. பாடியவள் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒவ்வோர் இடமாகக் கேட்டார். பல இடங்களில் ஒன்றுமே இல்லை, வயர்தான். சில இடங்களில் மின்விசிறி ஓடியது. அதற்கடியில் அவள் மெல்லச் செருமுவது கேட்டது, ஓரிடத்தில் மூச்சுக்குத் திணறுவதும் கேட்டது. மின்விசிறி ஓடிய இடங்களை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே எண்ணினார்.

"எத்தனைங்க?" என்றாள்.

குறைத்துச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். மனசு வரவில்லை.

"பதினொண்ணு."



"எனக்கு மூணுதான் ஞாபகம் இருக்கு" என்றாள்.