பூஜ்ஜியத்தில் முடியாத எண்கள்

என் பேத்தியின் சர்க்கரை நோட்டில் மூன்று மாதத்துக்கு முந்நூற்று அறுபது எண்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பூஜ்ஜியத்தில் முடியவில்லை. இதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, எவ்வளவு துல்லியமான பிள்ளை என்று பெருமைப்பட்டேன். முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். வரப்பை அரை அடி தள்ளி வெட்டியவனை அவன் நிற்கிற தோரணையிலேயே கண்டுபிடித்திருக்கிறேன். சொந்த வீட்டில் நடந்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

பேத்திக்குப் பதின்மூன்று வயது. ஒன்பதாவது வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. எனக்கு இருப்பது போல, காலையில் நடந்தால் அடங்குகிற சர்க்கரை அல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. ஒரு நாளைக்கு நான்கு ஊசி, நான்கு தடவை விரலில் குத்திச் சோதனை. எல்லாவற்றையும் அவளே செய்துகொள்வாள். மெஷின் பழையது, எண்ணைக் காட்டிவிட்டு மறந்துவிடும். அதனால் நோட்டில் எழுத வேண்டும். நோட்டுக்கு மேற்பார்வை நான். என்னை யாரும் நியமிக்கவில்லை.

நூற்று எண்பதுக்கு மேல் போன எண்ணுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். வட்டம் விழுந்த அன்று விசாரணை. குற்றவாளி எப்போதும் என் மருமகள்தான்.

"பிள்ளைக்கு என்னத்தக் குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலை மாமா."

"முந்திரி டப்பாவுல நூத்திப் பதினாலு இருந்துச்சு. இப்ப நூத்தி ஒம்போது."

"நாலை ஒங்க பாயாசத்துல போட்டேன்."

"அப்ப மிச்சம் ஒண்ணு?"

"அது நீங்க அடுப்படிக்கு வந்து வாயில போட்டது."

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு முந்திரிக் கொல்லை உண்டு. முந்திரி விளைகிற வீட்டில் முந்திரியை எண்ணி வைக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெள்ளிக்கிழமை தோறும் வாரச் சராசரியைக் குவைத்தில் இருக்கிற என் மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். அவன் அங்கிருந்து மனைவிக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவான். ஒரு வட்டத்துக்கு இரண்டு திட்டு என்று கணக்கு.

சில மாதத்தில் வட்டங்கள் குறைந்தன. பிறகு நின்றே போயின. என் நிர்வாகத்தின் வெற்றி என்று மகனுக்கு எழுதினேன். சிவப்புப் பேனாவின் மை காய்ந்துபோனது.

அப்புறம் புதுக்கோட்டை மருத்துவமனையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா நோட்டையும் முடிவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோட்டுல எல்லாம் ஒழுங்கா இருக்கு. ரத்தத்துல ரொம்ப அதிகமா இருக்கே."

லேப் தப்பு என்றேன். வேறு லேபில் எடுக்க வைத்தேன். அதுவும் அதையே சொன்னது. இரண்டு லேபும் கூட்டு என்று நான் முடிவு கட்டியதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இப்படியே போனா இவ கண்ணுக்கும் கிட்னிக்கும் கெடுதல். ஆனா எது நெசம்னு தெரியாம நான் மருந்தைக் கூட்ட முடியாதுங்க. நோட்டு நெசமா இருந்து, நான் மருந்தைக் கூட்டிட்டா, பிள்ளை மயங்கி விழுந்துரும்" என்றார். பிறகு என் பேத்தியிடம் ஏழு கேள்வி கேட்டார். ஏழுக்கும் நான் பதில் சொன்னேன். பேத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குழந்தைகள் பிரிவு எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளும் குடும்பத்தாரும் வந்து சொல்லலாம், அடுத்த சனிக்கிழமை கூட்டம். எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நாற்பத்தொரு ஆலோசனை எழுதினேன். மாடிப்படி இருபத்திரண்டு, அதில் மூன்று உடைந்தவை. மின்விசிறி பதினான்கு, அதில் ஓடுவது ஒன்பது. இப்படி.

கூட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் பதினொரு பேர், எல்லாரும் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். மறுபக்கம் நாங்கள். முதல் அரை மணி நேரம் பிள்ளைகள் மட்டும்தான் பேச வேண்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு எழுபத்து நான்கு வயது. நான் அரை மணி நேரம் பேசாமல் இருப்பது தூக்கத்தில் மட்டும். தூக்கத்திலும் பேசுவதாக வீட்டில் ஒரு புகார் உண்டு.

ஆறு வயதுப் பொடியன் ஒருவன் முதலில் எழுந்தான். "ஊசி வலிக்காது வலிக்காதுன்னு பொய் சொல்றாங்க. வலிக்கும்னு சொல்லிட்டுக் குத்துங்க" என்றான். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், ஊசி போடும் அறைச் சுவரில் இருக்கும் முயலை அழிக்கச் சொன்னாள். "அதுக்குப் பல்லு பெருசா இருக்கு. எங்களப் பாத்தே நிக்குது." பிள்ளைகள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். அந்த முயல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று யாரோ பெரியவர்கள் கூடி முடிவு செய்து வரைந்தது. என் நாற்பத்தொன்றில் முயல் இல்லை.

பிறகு என் பேத்தி எழுந்தாள். அவள் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. பேச இடம் விட்டதில்லை என்றும் சொல்லலாம்.

"மத்தியான ஊசிய இஸ்கூல் பாத்ரூம்ல நின்னுக்கிட்டுப் போடணும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. அதனால வாரத்துல மூணு நாளு நான் போடுறதே இல்ல. சாயங்காலம் பாத்தா முந்நூறு இருக்கும்."

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "நோட்டுல அப்படி இல்லையேம்மா?"

"முந்நூறுன்னு எழுதுனா எங்க ஐயா சிவப்பு மையில வட்டம் போடுவாரு. வட்டம் போட்டா எங்கம்மாவுக்குத் திட்டு. அதான் நூத்தி நாப்பத்தி மூணுன்னு எழுதுவேன்."

"அதென்ன நாப்பத்தி மூணு?"

"நூத்தி நாப்பதுன்னு எழுதுனா அவரு சந்தேகப்படுவாரு."

அறை சிரித்தது. ஐயா என்று அவள் கூப்பிடுவது என்னைத்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. சட்டைப் பையில் சிவப்புப் பேனா வேறு இருந்தது.

டாக்டரம்மா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "வேற யாரு இப்படி எழுதுறீங்க? யாரும் திட்ட மாட்டோம்" என்றார். நான் எண்ணினேன். என்னால் எண்ணாமல் இருக்க முடியாது. பதினொரு பேரில் எட்டுக் கைகள். ஆறு வயதுப் பொடியனும் தூக்கினான். அவனுக்கு இன்னும் எழுதவே தெரியாது, அக்கா எழுதித் தருகிறாளாம். எங்கள் வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் முடிந்தது. "நீங்க ஏதோ நெறைய எழுதிக்கிட்டு வந்தீங்களே" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எழுந்தேன். மின்விசிறி என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நான்கு விஷயம் முடிவானது. டாக்டர் பிள்ளையிடம் முதலில் தனியாகப் பேசுவார், வீட்டார் வெளியே இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ள ஒரு தனி இடம் கேட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு மருத்துவமனை கடிதம் கொடுக்கும். முயல் அழிக்கப்படும். நான்காவது, பிள்ளைகள் கை தூக்கி நிறைவேற்றியது: எண்ணைச் சொன்னால் பெரியவர்கள் 'சரி' என்பதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடிப் பேசப் பிள்ளைகளில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். என் பேத்தி அதில் ஒருத்தி. குடும்பத்தார் சார்பில் இரண்டு பேர். நான் இல்லை. பஸ்ஸில் அவளுக்குத் துணை போகிற பதவி எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. முந்திரி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"எண்ணிட்டுத்தான் குடுக்குறீங்களா மாமா?"

தொண்ணூற்றாறு. சொல்லவில்லை.

அடுத்த தடவை மருத்துவமனையில் பேத்தி தனியாக உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில். பதினாறு நிமிடம். உள்ளேயிருந்து இரண்டு தடவை சிரிப்புச் சத்தம். அந்த அறையில் நான் இருந்த நாட்களில் யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. முயல் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர். மின்விசிறி பதினொன்று ஓடியது. டாக்டரம்மா பிறகு என்னைக் கூப்பிட்டு, இப்போது நிஜ எண்கள் கையில் இருப்பதால் மருந்தைக் கூட்டியிருப்பதாகச் சொன்னார். சராசரி இறங்க நாளாகும், இறங்கும் என்றார். எனக்கு எட்டுக் கேள்வி இருந்தது. ஒன்றுதான் கேட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பேத்தி மெஷினை எடுத்து விரலைக் குத்தினாள். புது நோட்டில் எழுதினாள். அதன் அட்டையில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

"எவ்வளவுன்னு கேக்க மாட்டீங்களா ஐயா?"

"நீ சொன்னாச் சொல்லு."

"எரநூத்தி அறுவது."

மத்தியானம் என்ன தின்றாள், எத்தனை தின்றாள், யார் வாங்கிக் கொடுத்தது, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. நோட்டை எட்டிப் பார்த்தேன். பூஜ்ஜியத்தில் முடிந்திருந்தது.

"சரி" என்றேன்.

"ஊசி போடுறேன். கொஞ்சம் இங்கிட்டு மறைச்சுக்கங்க."

"சரி."

துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து எத்தனை டிக்கெட் என்று கேட்டார். அவரிடமும் சரி என்றேன்.