கோட்டுக்கு வெளியே ஒரு கை

என் மகள் கால்பந்து கிளப்பில் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. என்ன செலவாகும் என்று யாராவது கேட்டால் பூட்ஸ், ஜெர்சி, பஸ், முட்டை என்று அடுக்குவேன். பெரிய செலவைச் சொல்ல மாட்டேன். சங்கரன்கோவிலில் எங்களுக்கு வீட்டோடு நாலு விசைத்தறி. ஞாயிற்றுக்கிழமை நான் மகளோடு மைதானத்துக்குக் கிளம்பிவிட்டால், நாலையும் என் மனைவி ஒருத்தியே ஓட்டுவாள். மகள் ஆடி அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நான் பார்க்கிறேன். அதாவது, பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு.

போன மாதம் தென்காசியில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். மகள் பந்தோடு ஓடுகிறாள். எதிரே என் உயரத்துக்கு ஒரு நெட்டைப்பெண் பாய்ந்து வருகிறாள். மாவுக்கட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கையில் ஆப்பிள் பை வரை எனக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. கை தானாக மேலே போனது.

தறி இரைச்சலில் பேச்சு கேட்காது; வீட்டில் நாங்கள் கையால்தான் பேசிக்கொள்வோம். உள்ளங்கையைத் தூக்கினால் ‘இழை அறுந்துவிட்டது, நிறுத்து’ என்று அர்த்தம். நடை பழகும்போதே அதைப் பழகியவள், என் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நெட்டைப்பெண் பந்தைக் கொண்டுபோய் கோல் போட்டாள்.

பயிற்சியாளர் என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, நீங்க எந்த டீமு?”

“பதட்டத்துல தூக்கிட்டேன் சார்.”

“கைய பைக்குள்ள வைங்க. ஆள் எடுக்கிறவரு பாத்துக்கிட்டிருக்காரு.”

மகள் திட்டவில்லை. நடுக்கோட்டில் நின்று என்னைப் பார்த்து விரலைச் சுழற்றினாள். நூல் சுற்றிய குச்சி தீர்ந்துவிட்டது, எடுத்து வா என்று அர்த்தம். நான் மறுபேச்சில்லாமல் திரும்பி நடந்தேன். வேப்பமரம் வரை போன பிறகுதான் இங்கே நூலேது, குச்சியேது என்று உறைத்தது. பின்னால் கூச்சல். என்னை அனுப்பிவிட்டு அவள் கோல் போட்டிருந்தாள். இரண்டாவதையும் மரத்தடியிலிருந்தே கேட்டேன்.

பட்டியலில் பெயர் வந்தது. மனைவிக்குப் போன் போட்டேன்.

“எடுத்துட்டாங்க. இனி சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வரணுமாம். நீ ஒத்தையில எப்படி சமாளிக்கப் போற?”

“நான் எதுக்கு ஒத்தையில கெடக்கணும்? அடுத்த வாரம் அவகூட நான் போறேன். நீங்க தறியப் பாத்துக்கிடுங்க.”

அந்தச் சனிக்கிழமை அவர்கள் கிளம்பிப் போனதும், நாலு தறிக்கு நடுவே மத்தியானத்துக்குள் எனக்கு முட்டி வலித்தது. ஒன்றில் இழையை முடிந்து நிமிர்வதற்குள் அடுத்ததில் அறுந்தது. இதை ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டு, சாயங்காலம் எங்களுக்குத் தோசையும் சுட்டவள் அவள்.

அன்றைக்கு மைதானத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்த் திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“நாலும் ஓடுதா?”

“ரெண்டு ஓடுது.”

“சரி. நாளைக்கும் நானே போறேன்” என்றாள்.