குறை சொல்லி மறைத்த நகரம்

துறைமுக நகரத்தில் பிறந்தவர்களுக்குத் தொண்டை பெரிது. கப்பல் சங்கு ஊதினால் பேச்சை நிறுத்த மாட்டார்கள், சங்கைவிட உரக்கப் பேசுவார்கள். அக்கா தங்கை இருவரில் பெரியவளும் அப்படி வளர்ந்தவள்தான். சீருடை தைக்கிற தொழிற்சாலையில் துணி வெட்டுவது அவள் வேலை. நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டும் மெஷினை ஓட்டுவாள். கை ஒரு நூல் பிசகினாலும் அடுக்கு முழுவதும் பாழ். அவள் கை பிசகாது. அதனால்தான் முதலாளி மலை நகரத்தில் கிளை திறந்தபோது, "ஒரு ஆறு மாசம் போய் அங்க இருக்கிறவங்களுக்குக் கத்துக் குடுத்துட்டு வாம்மா" என்று அவளை அனுப்பினார்.

வீட்டில் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். அம்மாவுக்கு இளைப்பு. மழைக்காலம் வந்துவிட்டால் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவது போல மூச்சு கிறீச்சிடும். சின்னவள் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறவள். தினமும் எத்தனையோ பேரை மலை நகரத்துக்கு ஏற்றி அனுப்புவாள், தான் மட்டும் போனதில்லை. "ஆறு மாசம்தானேக்கா, போயிட்டு வா. அம்மாவை நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஆறு மாதம் ஏழு வருடம் ஆயிற்று.

பெரியவள் அந்த ஊரில் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே மனதைப் பறிகொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காலையில் துவைத்துப் போட்ட துண்டு மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்திருந்தது, அவ்வளவுதான். துறைமுக நகரத்தில் துண்டு என்றால் ஈரமாகத்தான் இருக்கும், ஜன்னல் கம்பி என்றால் துருப்பிடித்துத்தான் இருக்கும். இங்கே சுவரைத் தொட்டால் சுவர் மாதிரி இருந்தது. பஸ்ஸில் இடித்துக்கொள்ளாமல் ஏறினார்கள். தொழிற்சாலைக்கு எதிரே ஒரு பூங்கா. சாப்பாட்டு வேளையில் அங்கே மரத்தடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். ஒருத்தரும் வந்து, "என்ன தனியா உக்காந்திருக்கீங்க? வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்கவில்லை. துறைமுக நகரத்தில் அப்படி உட்கார்ந்திருந்தால் நாலு பேர் கூடி, ரெண்டு பேர் அழுது, ஒருத்தர் அம்மாவுக்குப் போன் போட்டிருப்பார்.

அந்தப் பெஞ்சில் இருந்தபோதுதான் சின்னவள் போனில் கூப்பிட்டாள். அங்கே விடாத மழை. கூரை ஒழுகி அம்மாவின் கட்டிலை நகர்த்த வேண்டியதாகிவிட்டதாம், ராத்திரி முழுக்க அம்மாவை உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே விடிந்துவிட்டதாம். எல்லாம் சொல்லிவிட்டு, களைத்த குரலில், "அதை விடு. உனக்கு அங்க எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

பெரியவள் மேல் வெயில் இதமாக விழுந்துகொண்டிருந்தது. அதை எப்படிச் சொல்வது?

"அட போடி, இதெல்லாம் ஒரு ஊரா? குளிரு எலும்பைத் துளைக்குது. எந்நேரமும் மூடுபனி, போட்ட துணி காயவே மாட்டேங்குது. ஜனங்களாவது பேசுவாங்களான்னா, அதுவும் இல்ல. வாயைத் தைச்சுக்கிட்ட மாதிரி போறாங்க."

சின்னவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு. அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது, இவளுக்கும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. ஒரு பொய்யில் இரண்டு பேருக்கும் நிம்மதி என்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. வாராவாரம் புதுசாக ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும். குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது என்றாள். வீட்டுக்காரம்மா முசுடு என்றாள். அந்த அம்மாவோ மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "இன்னிக்கு முகமே சரியில்லையேம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்கிற மனுஷி. ஆறு மாதம் முடிந்தபோது முதலாளி, "திரும்பி வர்றியா, அங்கேயே இருக்கியா?" என்றுதான் கேட்டார். வீட்டுக்கு, "விட மாட்டேங்கிறாங்க" என்று சொன்னாள். சின்னவள் அதைக் கேட்டு, "பாவம்க்கா நீ. எங்களுக்காக அங்க கிடந்து கஷ்டப்படுற" என்று கம்பளிக் காலுறை பின்னி அனுப்பிவைத்தாள். பெரியவள் அந்தக் காலுறையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதைப் போட்டுக்கொள்கிற அளவுக்கு அந்த ஊரில் குளிரடித்ததே இல்லை.

ஏழாம் வருடம், முன்பின் சொல்லாமல் சின்னவள் வந்து வாசலில் நின்றாள். டிக்கெட் போடப் புது இயந்திரம் வந்திருக்கிறது, அதைப் பழகிக்கொள்ளக் கம்பெனி ஒரு நாள் அனுப்பியிருக்கிறது, அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாள். "மதியத்தோட பயிற்சி முடிஞ்சிடும். சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால உன் ஊரைச் சுத்திக் காட்டு."

 மதியம் பெரியவள் தங்கையை அழைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற எண்ணெய்க் கறை படிந்த சந்து வழியாக நடத்திப் போனாள். ஊரிலேயே அசிங்கமான சந்து அது. ஆனால் சந்தும் ஒரு இடத்தில் முடியத்தானே வேண்டும்? திரும்பினால் அகலத் தெரு, இரண்டு பக்கமும் மரம், வீட்டு மாடிகளில் வரிசையாகக் காய்கிற துணி. பழக்கடைக்காரர் இவளைப் பார்த்து, "யாரு, தங்கச்சியா? அப்படியே உங்க ஜாடை" என்று ஒரு பழத்தை எடுத்துச் சின்னவள் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சின்னவள் அந்தப் பழத்தோடு பூங்காவுக்குள் நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்து விட்டாள். மறுபடியும் இழுத்தாள்.

"காத்து எவ்வளவு லேசா இருக்குக்கா."

"இன்னிக்கு ஏதோ..." என்று தொடங்கினாள் பெரியவள்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டாக்டர் சொன்னாரு. அம்மாவுக்கு இந்த ஈரம்தான் எமன், காய்ஞ்ச காத்து இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. அதே சமயம் கம்பெனியில இந்த ஊர் ஆபீசுக்கு என்னை மேற்பார்வைக்குக் கேட்டாங்க. வீடும் குடுக்கிறோம்னாங்க." சின்னவள் பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினாள். "நான் வேணாம்னுட்டேன். எங்கக்கா அங்கதான் இருக்கா, அந்த ஊர் பனியும் ஈரமும் எங்கம்மாவை ஒரு மாசத்துல கொன்னுடும்னு சொன்னேன். டாக்டர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நல்லாத் தெரிஞ்சவங்க சொன்னாங்க டாக்டர்னு சொன்னேன்."

"ஏண்டி இதை என்கிட்ட அப்பவே சொல்லல?"

"நீயே அங்க கஷ்டப்படுற. நாங்களும் வந்து சேர முடியலேன்னு உன்னை எதுக்கு ஏங்க வைக்கணும்னு சொல்லல."

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்தாள். "நீ வருத்தப்படக் கூடாதுன்னுதான்டி. அங்க நீ அல்லாடிட்டு இருக்கும்போது, நான் இங்க நல்லா இருக்கேன்னு சொல்ல நாக்கு கூசிச்சு."

சின்னவள் கையை உதறவில்லை. ஆனால் நேராகப் பார்த்துக் கேட்டாள். "நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொன்னியா, நான் வரக் கூடாதுன்னு சொன்னியா?"

 முதலாவதுதான் என்று பெரியவள் சொல்லியிருக்கலாம். முதல் மழைக்கு அதுதான் உண்மையும்கூட. அதற்குப் பிறகு வந்த மழைகளுக்கு? சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு டம்ளர் டீயோடு ஜன்னலில் உட்காருகிற சுகம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத சுகம், அது கையைவிட்டுப் போய்விடுமோ என்று ஒரு நாளாவது பயந்ததில்லையா? பஸ் நேரம் வந்துவிட்டது. சின்னவள் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கையசைக்கவில்லை. "உடம்பைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறு வாரமே பெரியவள் லீவு போட்டுவிட்டுத் துறைமுக நகரத்துக்குப் போனாள். சின்னவள் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே இவளே அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மூச்சு வாங்க, "என்கிட்ட என்னத்துக்கு அழற? ஏழு வருஷமா என் முதுகைத் தடவினது அவ. அவகிட்டப் போய் அழு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, என்னைக் கூட்டிட்டுப் போ. அப்படி என்ன பொல்லாத ஊருன்னு நானும் பாக்கிறேன்" என்றாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் அம்மா மலை நகரத்தில் இருந்தாள். ஒரு மாதத்தில் கிறீச்சொலி நின்றது. படியேறினாள், இறங்கினாள். ஆனால் முகம் மட்டும் மலரவே இல்லை.

"என்னடி ஊர் இது? சண்டை போடக்கூட ஒரு ஆள் இல்ல. மூச்சு நல்லாத்தான் வருது. வந்த மூச்சை வெச்சுக்கிட்டு யார்கிட்டப் பேசுறது?"

பேச ஆள் இல்லையென்றால் அம்மா உண்டாக்கிவிடுவாள். வீட்டுக்காரம்மாவைப் பிடித்தாள், பழக்கடைக்காரரைப் பிடித்தாள். மாதம் இரண்டு போவதற்குள் தெருவே பெரியவளை நிறுத்தி, "இன்னிக்கு ஏன் லேட்டு? அம்மா தேடினாங்களே" என்று கேட்கத் தொடங்கியது. அவளுடைய தனிமை கந்தலாயிற்று. அதைப் பற்றி முணுமுணுக்க அவளுக்கு வாய் இல்லை.

மழை ஓய்ந்ததும் அம்மா, "என் ஊருக்கே என்னைக் கொண்டுபோய் விட்டுடு" என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். அடுத்த மழைக்கு மறுபடி வருவதாக ஏற்பாடு. அம்மா மலை நகரத்தில் இருந்த மாதங்களில் சின்னவள் தனியாகத் துறைமுக நகரத்தில் இருந்து, இரவு முழுக்கத் தூங்கி எழுந்து, சினேகிதிகளோடு சினிமாவுக்குப் போனாள், கொஞ்சம் சதையும் போட்டாள். மேற்பார்வை வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டிருந்தது.

"பரவால்லக்கா," என்று ஒரு நாள் போனில் அவளாகவே சொன்னாள். "வந்திருந்தாலும் நான் ஒரு வருஷத்துல ஓடி வந்திருப்பேன். சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது."

அது உண்மையா, இல்லை தன் மனம் நோகக் கூடாது என்று சொன்னதா? பெரியவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் அவளுக்கு முகம் இல்லை.

அடுத்த மழைக்கு அம்மா வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது. பெரியவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவின் மூச்சு நன்றாக வர வர, அது கிடைக்காமல் போன மழைக்காலங்களை இவள் மனதுக்குள் எண்ணினாள்.

அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "என்னடி அப்படிப் பாக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா. தூங்கு."