இருட்டுப் பாலம், வெளிச்சப் படம்

எங்கள் பாலத்தில் விளக்கே இல்லை. போன வாரம் மாத்தளை கடைசி பஸ்ஸில் வந்திறங்கிய பக்கத்து வீட்டு செல்வி அக்கா, இருட்டில் தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

இன்று அவரோடு பிரதேச சபை அலுவலகத்துக்குப் போனேன்.

"ஒரு லைட்டாவது போட்டுக் குடுங்க மாத்தயா," என்று அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டார் அக்கா.

அதிகாரி தன் போனைத் திருப்பிக் காட்டினார். "பட்டப்பகல் மாதிரி இருக்கே! இன்னும் என்ன லைட்டு?"

அது நான் பேஸ்புக்கில் போட்ட, ராத்திரிப் பாலத்தின் பனோரமா படம். ஒவ்வொரு துண்டுக்கும் கமராவை அரை நிமிடம் திறந்துவைத்து, நிலவொளியைச் சேர்த்து எடுத்து ஒட்டியது.

"அது கமரா செய்ற வேலைங்க. கண்ணுக்கு இருட்டுதான்," என்றேன்.

"அப்ப நீங்க போட்டது பொய்யா?"

கட்டுப்போட்ட கையோடு அக்கா என்னைத்தான் பார்த்தார், அதிகாரியை அல்ல.

அந்தப் படத்துக்கு லைக் போட்டவர்களே, ஒருநாள் ராத்திரி பாலத்தில் நடந்து பார்க்க வாருங்கள். டோர்ச் வேண்டாம். அதுதான் பட்டப்பகலாயிற்றே.