மட்கார்டுக்கு உள்ளே

இஸ்ரவேல் கோபக்காரன். வாயைத் திறந்தால் சண்டைதான். ஆனால் பொய் சொல்லுகிறவன் இல்லை. 1958 சித்திரையில், கோவில்பட்டியில், பட்டப்பகலில் அவனுக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும்.

பெருமாள்சாமியின் பட்டறையில், நசுங்கிய பழைய கார்களைத் தட்டிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த வேலையைப் படிக்கச் சேர்ந்து பதினெட்டு மாதமாகியும் இஸ்ரவேல் கைக்குச் சுத்தியல் வரவில்லை. முதலாளி வெளியே அடிப்பார். அவன் மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டு, இரும்புக் கட்டையை அண்டக் கொடுப்பான். முதலாளி "பிடி" என்பார். அவன் உள்ளிருந்து 'டொக்' என்று தட்டிக் காட்டினால்தான் அடி விழும். ஆளில்லாத வண்டியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. ஏன் என்று கேட்டால் வசவுதான் கிடைக்கும்.

அன்று அவனுக்குப் பொறுக்கவில்லை. "எப்பதான் சுத்தியலைத் தருவீய?"

"திமிராலே? இந்தா பிடி. நான் சாப்பிட்டு வாரதுக்குள்ள ஒத்தையில அந்த ஒடுக்கை எடு. முடியலன்னா நாளைக்கு இங்கன வராத."

அவர் கிளம்பும்போது மணி 12.05.

அவர் காட்டியது, மூன்று வருடமாகத் தொடாமல் கிடந்த கறுப்புக் கார். விலைக்கு ஆள் வந்ததால் அன்றுதான் வெளியே தள்ளியிருந்தார்கள். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே... எட்டவில்லை. அடித்தான். குழி இன்னும் ஆழமானது. வேண்டுமென்றே முடியாத வேலையைக் கொடுத்திருக்கிறான் பாவி! ஆத்திரம் கண்ணை மறைத்தது. கட்டையைத் தரையில் வீசினான். முதலாளி மாதிரியே கத்தினான்.

"பிடிலே!"

டொக்.

மணி 12.20.

"எவம்லே அது? வெளிய வா!"

மறுபடி டொக். எவனோ கேலி செய்கிறான் என்ற கோபத்தில் அந்த இடத்திலேயே ஓங்கி அடித்தான். ஒடுக்கு எழும்பியது.

டொக். அடி. டொக். அடி.

தகரம் வழவழவென்று வந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தான். கட்டை அவன் காலடியிலேயே கிடந்தது.

குனிந்தான். வண்டிக்கு அடியில்... யாருமில்லை.

டொக்... டொக்... டொக்...

அவன் கேட்காமலே.

சுத்தியலோடு எதிர் டீக்கடைக்கு ஓடினான். கடைக்காரி சுடலையம்மாள் அவன் சொன்னதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு முன்னால வெயிலுமுத்துதான் கட்டை பிடிச்சான். சண்டை போட்டுட்டு, அவனை அந்த வண்டிக்கு அடியில விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டான் உன் முதலாளி. ஜாக்கி நழுவிட்டு."

"கத்தலையா?"

"நெஞ்சு மேல வண்டி. எங்கிட்டுக் கத்த? உள்ளேருந்து தட்டிக்கிட்டே கெடந்திருக்கான். ஒரு மணி வரைக்கும் எனக்கு நல்லாக் கேட்டுது. வேலை நடக்குதுன்னுல்லா நெனச்சேன்..."

எதிரே பட்டறைக்கு முதலாளி ஏப்பம் விட்டபடி வந்து, மட்கார்டைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏலே, பரவாயில்லையே! இனிமே சுத்தியல் உனக்குத்தான்."

பதினெட்டு மாதம் காத்திருந்த சொல். இஸ்ரவேலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரோட்டைத் தாண்டிப் போய், சுத்தியலை அவர் காலடியில் எறிந்தான்.

"நீரே அடியும். பிடிக்கதுக்கு வெயிலுமுத்து இன்னும் உள்ளதான் கெடக்கான்."