பேர்னாட்டின் ஆசீர்வதித்த காசு

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பேர்னாட் அளவுக்கு மீறிப் பொருந்தச் சொல்லிவிட்டார், அதுதான் வினை. கொட்டாஞ்சேனையில் அவர் என் பக்கத்து வீடு. துறைமுகத்தில் இருபது வருடம் பக்கத்து மேசை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் தபால் முத்திரை சேர்த்தார்கள். இவருக்கு ஸ்பெயினின் பழைய வெள்ளிக் காசுதான் வேண்டும், அதுவும் கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முந்தியது. நாற்பது வருடத்தில் கிடைத்தவை ஆறு. அதில் ஒன்று பார்சலோனாவில் அடித்தது. ஒரு பக்கம் ராசாவின் முகம், மறுபக்கம் விளிம்புவரை நீண்ட சிலுவை. ஒரு மாலுமியிடம் வாங்கிவிட்டு, மனைவி ஐறீனின் வாய்க்குப் பயந்து, "கப்பல்ல வந்த சுவாமி ஆசீர்வதிச்சுத் தந்த மெடல்" என்றார். ஐறீன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

போன மாதம் நாணயச் சங்கம் தன் கண்காட்சிக்கு அந்தக் காசைக் கேட்டது. பெயர் எழுதிய அட்டையோடு தனி மேசை. "எழுபத்திரண்டு வயசிலதான் நானும் ஒரு ஆளாகியிருக்கிறன்" என்று மனிதர் வெட்கமில்லாமல் சிரித்தார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஞாயிறு பின்னேரம் சங்கச் செயலாளர் நபீஸ் காசை எடுத்துப்போக வந்தார். பேர்னாட் பெட்டியைத் திறந்தார். ஐந்துதான் இருந்தன.

ஆறாவது, பேத்தி யூஜினாவின் கழுத்தில் கிடந்தது. அன்று காலைதான் பிள்ளை கோயிலில் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கியிருந்தாள். ஐறீன் செட்டியார் தெரு நகைக்கடையில் துளை போட்டு, வளையம் மாட்டி, புளி போட்டுத் தேய்த்திருந்தாள். எழுநூறு வருடக் கறுப்பு போய், காசு புதுக் கரண்டி மாதிரி மினுங்கியது.

"ஆசீர்வதிச்ச மெடல் பெட்டிக்குள்ள கிடந்து என்ன செய்ய?" என்றாள் பெருமையாக.

நபீஸ் குனிந்து பார்த்தார். "ஓட்ட போட்ட காச வெக்க ஏலா, அங்கிள்."

"காசா?"

பாவம், நபீஸ் விளக்கமாகவே சொன்னார். சந்தையில் மீனும் உப்பும் வாங்கக் கொடுத்த காசு என்றார்.

ஐறீன் நபீஸைப் பார்க்கவில்லை. பேர்னாட்டைத்தான் பார்த்தாள். "எங்கட சாந்தன் சாகேக்க இதத்தானே அவன்ர கையில வச்சனான். நீங்களும் பக்கத்தில நிண்டு ஆமென் சொன்னீங்களே."

சாந்தன் அவர்களின் ஒரே மகன், யூஜினாவின் அப்பா. அன்று அந்தக் கட்டிலடியில் நானும் ஆமென் சொன்னேன்.

ஐறீன் பிள்ளையின் கழுத்திலிருந்து அதைக் கழற்றி, மற்ற ஐந்தோடும் வைத்துப் பெட்டியை மூடினாள்.